கூத்து மேனேஜர் வேலை யாருக்கு?

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். நாடகம், நடனம், சங்கீதம், கூத்து முதலியவைகளை நடத்தி வைக்கும் நிர்வாகிகளைத் தயார் செய்வதற்கென்று ‘பெல்லோஷிப்’ என்னும் பெயரால் உபகாரச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி அளிக்கிறார்களாமே, அதில் சேருகிறவர்கள் யார், முன்னே என்ன வேலை பார்த்தவர்கள், நம் பக்கத்துக் கூத்து வாத்தியாருக்கு அதில் இடம் உண்டா என்பது கேள்வி. கேள்வி சிறியதுதான். ஆனால் அதைக் கிளறிப் பார்த்தால், இந்த நாட்டில் வேர்வை யாருடையது, பெட்டிச் சாவி யாருடையது என்கின்ற பழைய வழக்கு உள்ளே கிடப்பதால், இவ்வாரம் நாம் அதையே எடுத்துக் கொள்ளுகிறோம்.

மேடையில் ஆடுகிறவனை உலகம் பார்க்கிறது. அவனை அந்த மேடைக்குக் கொண்டு வந்தவனை யாரும் பார்ப்பதில்லை. இடம் பிடிப்பது, தேதி குறிப்பது, முன்பணம் வாங்குவது, வண்டி வைப்பது, விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் சொல்லுவது, போலீசில் அனுமதி எழுதி வாங்குவது, இருபது பேருக்குச் சோறு போடுவது, விடிந்ததும் பங்கு பிரித்துக் கொடுப்பது, அடுத்த வருஷமும் இதே ஊரார் நம்மையே கூப்பிடும்படி நடந்து கொள்ளுவது ஆகிய இவ்வளவும் ஒருவன் தலையில் இருக்கிறது. பட்டணத்தில் இதற்குக் கலை நிர்வாகம் என்று பெயர். நம் பக்கத்தில் இதற்குப் பெயரே கிடையாது. ‘வாத்தியார் பார்த்துக் கொள்ளுவார்’ என்பதோடு சரி.

இந்த வேலைக்கு வந்தவர்களின் பூர்வ உத்தியோகம் என்ன என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ருஷிய நடனக் குழுவை 1909 முதல் 1929-இல் சாகும் வரை ஐரோப்பாவெங்கும் நடத்தி வந்த தியாகிலெவ் சட்டம் படித்தவர். ருஷியாவிலிருந்து 1906-இல் அமெரிக்காவுக்கு ஓடி வந்த சோல் ஹுராக் என்பவர் கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்து வயிறு வளர்த்து, தொழிலாளர் சங்கக் கூட்டங்களுக்குக் கச்சேரி ஏற்பாடு செய்யப் போய், கடைசியில் அந்நாட்டின் பெரிய கச்சேரி ஏற்பாட்டாளராகி, 1932-இல் நம் உதயசங்கரின் நடனக் குழுவையே அங்கு கொண்டு போய் ஆட வைத்தார். வாஷிங்டன் கென்னடி சென்டருக்கு 2001-இல் தலைவராக வந்த மைக்கேல் கெய்சர் கம்பெனிகளுக்கு வியாபார ஆலோசனை சொல்லி வந்தவர். அதற்கு முன்பு பாட்டும் பயின்றவர். கடனில் மூழ்கிக் கிடந்த நடனக் குழுக்களைக் கரையேற்றினவர் என்று பெயர் எடுத்தார். அவர் அங்கே துவக்கிய கலை நிர்வாகப் பயிற்சி நிலையம் 2014-இல் மேரிலாந்து சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆக, வக்கீல் படிப்புப் படித்தவரும் வந்திருக்கிறார், தெருவில் பிழைத்தவரும் வந்திருக்கிறார், வியாபாரியும் வந்திருக்கிறார். இந்த வேலைக்கு இன்ன பிறப்பும் இன்ன பட்டமும் வேண்டும் என்கின்ற நியதி அங்கே இருந்ததாகக் காணோம்.

நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம்.

சென்னையில் 1891-ஆம் வருஷம் சுகுண விலாச சபை ஏற்பட்டது. அதை ஏற்படுத்தியவர்களில் முதன்மையானவரான பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல். பிறகு ஸ்மால் காஸ் கோர்ட்டில் ஜட்ஜாக இருந்தவர். 90-க்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். கூலிக்கு ஆடுகிறவர்களாயிராமல், உத்தியோகம் பார்க்கும் கனவான்கள் பொழுது போன நேரத்தில் ஆடும் சபை அது. காங்கிரஸ் வக்கீல் சத்தியமூர்த்தியும் அதில் வேஷம் கட்டினவர். கூத்தாடி என்றால் திண்ணையில் உட்கார வைக்க யோசித்த காலத்தில், படித்தவனும் வேஷம் கட்டலாம் என்று காட்டிய மட்டில் அந்தச் சபை செய்த நன்மையை நாம் மறுக்கமாட்டோம். நேரத்துக்குத் திரை தூக்குவது, ஒத்திகைக்கு வராதவனைக் கேட்பது, வரவு செலவை எழுதி வைப்பது என்பவைகளெல்லாம் அவர்கள் பழக்கத்தில் கொண்டு வந்த நல்ல காரியங்களே. ஆனால் மேடையால் மதிப்பு உயர்ந்தது யாருக்கு? ஜட்ஜும் வக்கீலும் ஆடினால் அது கலை. அதே இரவில் அதே கதையைக் கூலிக்கு ஆடினவன் கூத்தாடி. இதில் இன்னொரு வேடிக்கை என்னவென்றால், நாடகம் நின்று போன பிறகும் அந்தச் சபை கனவான்கள் கூடும் கிளப்பாக நிலைத்து விட்டது!

சங்கரதாஸ் சுவாமிகள் கதை வேறு. அவர் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் கணக்கெழுதினவர். கணக்கை விட்டு நாடகத்துக்கு வந்து, நடித்து, எழுதி, சொல்லிக் கொடுத்து, 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்துச் சபையும் நடத்தினார். அந்தச் சிறுவர்களில் சேர்ந்தவர்கள்தான் டி. கே. எஸ். சகோதரர்கள். அவர்கள் தகப்பனாரே பெண் வேஷம் கட்டி வந்த நடிகர். சர்வகலாசாலைப் பக்கம் எட்டிப் பார்க்காத இந்தப் பிள்ளைகள் 1925-இல் சொந்தமாகச் சபை துவக்கி, மூத்தவர் சங்கரன் நிர்வாகத்தையும், முத்துசாமி சங்கீதத்தையும், சண்முகமும் பகவதியும் நடிப்பையும் பார்த்துக் கொண்டு, ஊர் ஊராய்க் கொட்டகை போட்டு நடத்தினார்கள். நமக்குப் பக்கத்து ஈரோட்டிலேயே 1944-இல் நாடகக் கலைக்கென்று ஒரு மாநாடும் கூட்டினார்கள். ஆடினவனுக்கு நிர்வாகம் வராது என்று சொல்லுகிற பெரிய மனுஷர்களுக்கு இதைவிட வேறு பதில் எதற்கு?

கும்பகோணம் பாலாமணி அம்மாளை இந்த இடத்தில் நாம் மறக்கக் கூடாது. தாசி குலம் என்று இந்த நாடு ஒதுக்கி வைத்திருந்த இடத்திலிருந்து வந்த ஒரு பெண், பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகம் பார்க்கப் போகிற ஜனங்களுக்காக ரயிலே விட்டார்கள் என்று பழைய நாடகக்காரர்கள் சொல்லுவார்கள். பெண்களுக்கு அடுப்பங்கரை நிர்வாகமே அதிகம் என்று எண்ணியிருந்த காலத்தில் நடந்த சங்கதி இது.

சேலத்துக்காரருக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. கொண்டப்பநாயக்கன்பட்டித் தோழர்கள் ஏற்காடு சாலையில் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிற அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுதான். 1935-இல் அந்தக் கம்பெனியைத் துவக்கிய டி. ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டு ஜவுளிக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் நெசவுத் தொழில் படித்து வந்தவர். மில்லை நடத்துகிற மாதிரி ஸ்டூடியோவை நடத்தினார். மணி அடித்தால் வேலை, மாசம் பிறந்தால் சம்பளம் என்று வைத்தார். 1937-இல் ‘சதி அகல்யா’வில் ஆரம்பித்து நூற்றுக்கு மேல் படங்கள் அங்கிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் இந்தச் சேலத்துக் கம்பெனி எடுத்ததே. சினிமா வேறு கூத்து வேறு என்பது நமக்கும் தெரியும். தறியும் நூலும் தெரிந்த ஒருவர் ஒழுங்காகக் கணக்கு வைத்து நடத்தினால் கலைத் தொழிலில் நூறு குடும்பங்களுக்குச் சோறு கிடைக்கும் என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம். வெளித் தொழிலிலிருந்து நிர்வாகத்துக்கு வருகிறவர்களைக் கண்டு நமக்குப் பொறாமை ஒன்றும் இல்லை.

நம் ஆட்சேபணை எங்கே வருகிறதென்றால், வெளியிலிருந்து வந்தவர் நிர்வாகியாக மட்டும் நில்லாமல் எஜமானராகிவிடுகிற இடத்தில்தான்.

சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் ஏற்பட்டது. முதல் தலைவர் டாக்டர் யு. ராமராவ் வைத்தியர். காரியதரிசியாயிருந்த இ. கிருஷ்ணய்யர் வக்கீல். பின்னால் வந்த தலைவர்களிலும் வக்கீல் இருந்தார், தொழிலதிபர் இருந்தார், பத்திரிகை நிர்வாகி இருந்தார். தமிழ்ப் பாட்டுக்காக 1943-இல் ஏற்பட்ட தமிழ் இசைச் சங்கத்திலாவது வேறு விதமா என்றால், அங்கேயும் முன்னே நின்றவர்கள் ராஜா அண்ணாமலை செட்டியாரும் ஆர். கே. சண்முகம் செட்டியாரும். அந்தச் சங்கத்தின் நோக்கத்தை நாம் முழு மனதோடு ஆதரிக்கிறோம். தமிழன் வீட்டில் தமிழ் பாடுவதற்கே சங்கம் வைக்க வேண்டியிருந்த வெட்கக்கேட்டை அது வெளிப்படுத்திற்று. ஆனால் நாதசுரம் ஊதினவர், தவில் அடித்தவர், நட்டுவாங்கம் சொன்னவர் ஆகிய இவர்கள் இம்மாதிரிச் சபைகளில் மேடைக்கு வந்தார்களே ஒழிய, தீர்மானம் போடுகிற மேஜைக்கு வந்தது எத்தனை பேர்? தலைமுறை தலைமுறையாகச் சங்கீதத்தையே தொழிலாகக் கொண்டவனுக்குச் சங்கீதச் சபையை நடத்தத் தெரியாது, வைத்தியருக்கும் வக்கீலுக்கும்தான் தெரியும் என்றால் அதற்கு என்ன நியாயம்?

சதிராட்டத்தின் கதி இதைவிடத் தெளிவானது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் அயோக்கியத்தனத்தை 1947-ஆம் வருஷச் சட்டம் ஒழித்தது. அது ஒழிந்தது நல்லது; மிகவும் நல்லது; அதில் நமக்கு இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் பொட்டுக்கட்டு ஒழிந்த அதே காலத்தில், அந்தக் குடும்பங்களின் கையிலிருந்த ஆட்டம் மட்டும் பரதநாட்டியம் என்று புதுப் பெயர் பெற்று, பெரிய வீட்டுப் பெண்களுக்கும் சபாக்களுக்கும் உரிய கௌரவமான கலையாயிற்று. நட்டுவனார் சம்பளத்துக்கு வந்து சொல்லிக் கொடுத்தார். இழிவு என்று சொன்ன வரைக்கும் அவர்களுடையது. கௌரவம் என்று ஆன பிறகு மற்றவர்களுடையது! பொட்டுக்கட்டை ஒழிக்கிற போதே, அந்தப் பெண்கள் தங்கள் ஆட்டத்துக்குத் தாங்களே நிர்வாகிகளாக இருக்க ஒரு வழியும் செய்திருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்?

நிற்க, இந்த உபகாரச் சம்பளத் திட்டங்களைப் பற்றிச் சொல்லுவோம். 2010-இல் டில்லியில் ஜெர்மன்காரர்களின் மாக்ஸ் முல்லர் பவன் உதவியோடு ‘ஆர்ட்திங்க் சவுத் ஏஷியா’ என்னும் திட்டம் தென்னாசியக் கலை நிர்வாகிகளுக்காகத் துவக்கப்பட்டது. 2015-இல் இண்டியா தியேட்டர் ஃபோரம், பெங்களூரிலுள்ள இண்டியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், ஜுனூன் ஆகிய மூன்றும் சேர்ந்து நாடகக் குழுக்களுக்கென்றே ‘ஸ்மார்ட்’ என்ற பயிற்சியை ஏற்படுத்தின. இப்படிப்பட்ட இடங்களில் சேர்ந்தவர்களைப் பார்த்தால் நடிகர், நடனக்காரர், நாடக ஆசிரியர், பத்திரிகையாளர், சட்டம் படித்தவர், கம்பெனி உத்தியோகத்தை விட்டு வந்தவர் என்று பல தரத்தார் இருக்கிறார்கள். திட்டம் போடுவது, பணம் திரட்டுவது, வரவு செலவு, ஒப்பந்தம், பார்வையாளரைச் சேர்ப்பது ஆகியவைகளைச் சொல்லித் தருகிறார்கள். இவைகள் வேண்டியவைகளே. கலை தெய்வ வரம், அதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் இந்த நாட்டில் பாடினவனையும் ஆடினவனையும் சால்வையோடும் சந்தனத்தோடும் அனுப்பி வந்திருக்கிறார்கள். சால்வையை அரிசிக்கடையில் எடுத்துக் கொள்ளுவார்களா? கலையைக் கூலி உள்ள தொழிலாக எண்ணிக் கணக்குப் பார்க்கச் சொல்லுகிற எந்தப் பயிற்சியையும் நாம் வரவேற்கிறோம்.

ஆனால் அந்த வாசலின் அகலத்தைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் விண்ணப்பம், ஆங்கிலத்தில் பேட்டி, கணினியில் எழுதிய திட்டம், இரண்டு பெரிய மனுஷர் சிபாரிசு என்று வைத்தால், ஜாதி கேட்காமலேயே ஜாதி பார்த்ததாக ஆகிவிடும். கதவில் ‘உள்ளே வராதே’ என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுத்தையே தெரியாத பாஷையில் எழுதி விட்டால் போதும்.

சேலம், நாமக்கல் சீமையில் கூத்து நடத்துகிற வாத்தியாரை எடுத்துக் கொள்ளுங்கள். கூத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட ஜாதிகளிலும் பின்தங்கிய ஜாதிகளிலும் பிறந்தவர்கள். பகலில் தறியிலும் சூளையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள். மாரியம்மன் பண்டிகைக்கும், சாவு வீட்டுக் கருமாதிக்கும் ஊரார் வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துக் கூப்பிடுகிறார்கள். வாத்தியார் காகிதத்தில் ஒன்றும் எழுதுவதில்லை. எந்த ஊருக்கு என்றைக்கு, அங்கே ‘கர்ண மோட்சமா’ ‘பதினெட்டாம் போரா’, யாருக்கு எந்த வேஷம், மத்தளக்காரன் வேறு செட்டுக்குப் போயிருந்தால் யாரைப் பிடிப்பது, முகவீணைக்காரனுக்கு எவ்வளவு, போன வருஷம் பாக்கி வைத்த ஊர் எது என்பவ்வளவும் மனதிலே. இரவு பத்து மணிக்கு துரியோதனன் வேஷக்காரன் காய்ச்சலில் படுத்தான் என்று செய்தி வந்தால், பத்தரை மணிக்கு வேறொரு துரியோதனனுக்கு அரிதாரம் பூசியாக வேண்டும். விடியுமட்டும் தானும் ஆடிவிட்டு, முகத்துச் சாயம் கலைவதற்கு முன்னால் பங்கு பிரித்தாக வேண்டும். இதை முப்பது வருஷம் செய்தவனுக்கு நிர்வாக அனுபவம் இல்லை, இரண்டு வருஷம் கம்பெனியில் விளம்பரம் எழுதினவனுக்கு உண்டு என்றால் அந்தத் தராசை நாம் நம்பத் தயாராயில்லை.

நாமக்கல் பக்கத்தில் கிளீனராக லாரியில் ஏறி, டிரைவராகி, சீட்டுப் போட்டுச் சொந்த லாரி வாங்கி, இன்றைக்குப் பத்து லாரி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவரிடம் போய் ‘உமக்கு நிர்வாகப் பட்டம் உண்டா?’ என்று யாராவது கேட்டதுண்டா? லாரிக்கு ஒரு நியாயம், கூத்துக்கு ஒரு நியாயமா?

இதற்கு மாறாக நடந்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் 1990-இல் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். அதில் முன்னின்ற பெ. ராஜகோபால் சிறு பையனாகப் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூத்துக்கு வந்தவர், கூத்துக் குடும்பம். அவரோடு சேர்ந்து நின்ற அவர் மனைவி ஹன்னே டி புரூயின் கூத்தை ஆராய வந்த டச்சுக்கார அம்மையார். ஒருவருக்கு ஆட்டமும் ஆட்களும் தெரியும், ஒருவருக்கு விண்ணப்பமும் வெளி உலகமும் தெரியும். இருவருமாக 2002 முதல் 2020 வரையில் புஞ்சரசந்தாங்கலில் பள்ளிக்கூடம் நடத்தி, ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பும் கூத்தும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆண்களே ஆடி வந்த கூத்தில் பெண் பிள்ளைகளையும் பழக்கினார்கள். நம் மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியில் ‘மணல்வீடு’ பத்திரிகை நடத்துகிற மு. ஹரிகிருஷ்ணன் ‘களரி’ என்ற அமைப்பின் பேரில் கூத்துக்காரர்களையும் பாவைக்கூத்துக்காரர்களையும் கூட்டி விழா எடுத்து, மரியாதை செய்து வருகிறார். இவர்கள் எந்தத் திட்டத்தின் தயவுக்கும் காத்திருந்து ஆரம்பித்தவர்களல்ல.

கூத்துக்காரத் தோழர்களுக்கும் நாம் ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும். மனதிலே கணக்கு வைப்பது கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் வாத்தியார் கண்ணை மூடினால் கணக்கும் மூடிப் போகிறது. முன்பணம் எவ்வளவு வந்தது என்று கடைசி ஆட்டக்காரனுக்குத் தெரியாத செட்டுகள் இருக்கின்றன. மத்தளம் அடிக்கிறவன் ஜாதி இன்னது, அவன் தட்டு வேறு என்று ஒரே கொட்டகைக்குள் வேற்றுமை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். மேலே இருக்கிறவன் நம்மைத் தள்ளி வைக்கிறான் என்று அழுகிற வாய், கீழே இருக்கிறவனைத் தள்ளி வைக்கிற கையைப் பார்க்க வேண்டாமா? பெண் வேஷம் வேண்டும், பெண் வேண்டாம் என்கின்ற பழக்கத்தையும் இதோடு சேர்த்து விட்டொழிக்க வேண்டியதுதான். நலவாரியத்தில் பெயர் பதியாமல் இருப்பவர்கள் முதலில் போய்ப் பதியட்டும். ஊரார் வெற்றிலையோடு பணம் வைத்தால் வாங்கிக் கொள்ளுங்கள். கூடவே இன்ன தேதி, இன்ன தொகை, மழை வந்தால் இன்னபடி என்று அரைத் தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக் கொள்ளுங்கள். மழை வந்து கூத்துப் பாதியில் நின்றால் முழுப் பணமா பாதிப் பணமா என்று விடியற்காலையில் சண்டை போடுகிற அவமானமாவது மிஞ்சும்.

உபகாரச் சம்பளம் கொடுக்கிற ஸ்தாபனங்களை நாம் கேட்பது அதிகமில்லை. விண்ணப்பத்தைத் தமிழிலும் வாங்கட்டும்; எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதைப் பதிவு செய்து ஏற்றுக் கொள்ளட்டும். பட்டம் கேட்கிற இடத்தில் ‘எத்தனை வருஷம் செட்டு நடத்தினீர்? எத்தனை பேருக்குப் பங்கு கொடுத்தீர்?’ என்று கேட்கட்டும். பட்டணத்தில் கூட்டி வைத்து மாசக்கணக்கில் பாடம் நடத்துவதானால், அந்த மாசங்களில் போகிற ஆட்டத்துக்கும் தறிக்கூலிக்கும் ஈடு கட்டிக் கொடுக்கட்டும். இல்லாவிட்டால் ஆடி மாசத்துக்கும் தை மாசத்துக்கும் இடையில் ஆட்டம் இல்லாத நாட்களைப் பார்த்து, சேலத்திலேயோ நாமக்கல்லிலேயோ வந்து நடத்தட்டும். தேர்ந்தெடுக்கிற கமிட்டியில் கூத்து வாத்தியார் ஒருவரும், நாதசுரக்காரர் ஒருவரும், பறையடிப்பவர் ஒருவரும் உட்காரட்டும். படித்த பிள்ளைகள் நிர்வாகம் கற்க வருவதானால் ஒரு பண்டிகைக் காலம் முழுவதும் ஒரு செட்டோடு இரவு விழித்து அலைந்து, பெட்டி தூக்கி, பங்கு பிரிக்கிற இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து விட்டு வரட்டும். அதற்கு அந்த வாத்தியாருக்கு ஆசிரியர் சம்பளம் கொடுக்கட்டும்.

இன்றைக்கு அநேக செட்டுகளில் வாத்தியாரின் பிள்ளையோ பெண்ணோ பிளஸ் டூவுக்கு மேலும் படித்திருக்கிறது. ஆட்டத் தேதிகளை அதுதான் செல்போனில் குறித்து வைக்கிறது. கொண்டப்பநாயக்கன்பட்டித் தோழர்கள் தங்கள் பக்கத்துச் செட்டுகளில் அப்படி இருப்பவர்களின் பெயர், வயது, படிப்பு, செட்டில் பார்க்கும் வேலை ஆகியவைகளை எழுதி நமக்கு அனுப்பினால், விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற வேலையை நாம் எடுத்துக் கொள்ளுகிறோம்.